மூட்டுவாதம் வயதானவர்களுக்கு மட்டுமா?

"மூட்டுவாதம் வயதுபோனால் வருவதுதானே, அதனால் குடும்பத்துக்கு என்ன பாதிப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேய்மானத்தால் வரும் மூட்டு நோ பெரும்பாலும் வயதோடு வருவது, சரி. முடக்குவாதம் வேறு. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும். 30 வயதிலும் வரும், பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம்.

மட்டக்களப்பில் என் பெரியம்மா பன்பாய் இழைத்துக் குடும்பம் பார்த்தவர். 42 வயதில் விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. சுடுதண்ணீரில் கையை வைத்திருந்து, ஒரு மணித்தியாலம் போனால்தான் தேங்காய் திருவலாம். பாய்க் காசு நின்றது. கிளினிக் நாட்களில் மகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. வெளியே பெரிய வீக்கம் தெரியாததால் அயலவர்கள் "சோம்பல்" என்றார்கள். நோவைவிட அந்தச் சொல்தான் அவரை அழவைத்தது.

மூட்டு நோ வேறு வழியாலும் வரும். 2006இல் இலங்கையில் சிக்குன்குனியா பரவியது நினைவிருக்கும். அந்தக் காய்ச்சல் விட்டாலும் மூட்டு நோ சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும்.

காலை இறுக்கம் அரை மணித்தியாலத்துக்கு மேல், வாரக்கணக்கில் தொடர்ந்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். தொடக்க மாதங்களிலேயே மருந்து எடுத்தால் விரல் கோணாமல் காக்க வாய்ப்பு அதிகம். முடக்குவாதத்துக்கு வைத்தியர் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைத் தந்தால் அது வாரத்துக்கு ஒருமுறை மட்டும், தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் மருந்து எடுத்துக்கொடுப்பவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.