கம்பி ஒன்று, கடை எத்தனை? மின்சாரக் கேள்விகளுக்குப் பதில்

சிம் கார்டு மாற்றுகிற மாதிரி கரண்ட் கம்பெனியையும் மாற்றிக்கொள்ளச் சட்டம் வருகிறது என்கிறார்களே, எங்கள் ஊருக்கும் வருமா சார்? (கீழக்கரை வாசகர்)

சிம் கார்டு உவமை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் தெருவில் ஓடுவது ஒரே கம்பி.

ஒரே பகுதியில் இரண்டாவது ஆளுக்கும் விநியோக உரிமம் கொடுக்க 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இப்போதே வழி இருக்கிறது. ஒரு நிபந்தனை: வருகிறவர் சொந்தக் கம்பி போட்டுத்தான் விற்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கம்பியையே உப்புக்காற்று அரித்துத் தின்கிற இந்தக் கரையில், பக்கத்திலேயே இன்னொரு வரிசை போஸ்ட் மரம் நட யார் பணம் போடுவார்? இருக்கிற கம்பியிலேயே பிறரும் விற்கலாம் என்று மாற்றத்தான் 2022 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் திருத்த மசோதா வந்தது. நிலைக்குழுவுக்குப் போனது, அந்த மக்களவையோடு காலாவதியும் ஆனது. யோசனை மட்டும் டெல்லியில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

நடந்து பார்த்த ஊர் என்றால் மும்பை. டாடா பவர் வீடுகளுக்கும் விற்கலாம் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டிலிருந்து புறநகரில் கம்பி ரிலையன்ஸுடையது, கரண்ட் டாடாவுடையது என்று மக்கள் மாறத் தொடங்கினார்கள். பிறகு, கட்டணம் நிர்ணயிக்கும் மகாராஷ்டிர மின்சார ஒழுங்குமுறை ஆணையம் மாறியவர்கள் மேல் ஒரு கூடுதல் கட்டணத்தைச் சுமத்தியது. காரணம் எளிது. அதிக விலை கொடுக்கிறவர்கள் கிளம்பிவிட்டால், குறைந்த விலையில் வாங்குகிறவர்களின் சுமையை யார் தூக்குவது? நம் ஊரிலும் அதே கணக்குதான். புதிதாகக் கடை போடுகிறவர் முதலில் ராமேஸ்வரம் லாட்ஜுகளின் கதவைத்தான் தட்டுவார். லைனின் கடைசி டிரான்ஸ்பார்மரில் இருக்கிற மீனவக் குப்பத்தை அவர் தேடி வருவார் என்று நான் நம்பவில்லை.

லண்டனில் இருக்கும் என் மகன் வருடா வருடம் கம்பெனி மாற்றுகிறான். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? (தொண்டி வாசகி)

முடிகிறது அம்மா. ஆனால் 2021இல் எரிவாயு விலை ஏறியபோது என்ன நடந்தது என்று மகனிடம் கேளுங்கள். ஏறக்குறைய 30 விற்பனைக் கம்பெனிகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. விளக்கு மட்டும் அணையவில்லை. ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு அந்த வாடிக்கையாளர்களை வேறு கம்பெனிகளிடம் ஒப்படைத்தது. அங்கே 2019 முதல் விலைக்கு உச்சவரம்பும் உண்டு. போட்டியைத் திறந்துவிட்ட நாடும் கடிவாளத்தைக் கையிலேயே வைத்திருக்கிறது. கடிவாளம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெக்சாஸ் இருக்கிறது. 2021 பிப்ரவரிப் பனியில் மொத்த விலை யூனிட்டுக்கு 9 டாலர் வரை போனது. மொத்த விலைக்கே வாங்கும் திட்டத்தில் இருந்த வீடுகளுக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது.

கமுதியில் அவ்வளவு பெரிய சோலார் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிற எங்களுக்கு ஏன் மலிவாகத் தரக்கூடாது? (சாயல்குடி வாசகர்)

நீங்கள் கேட்டதைத்தான் இந்த மாவட்டமே கேட்கிறது. அங்கே தயாராவது உங்களுக்கென்று வருவதில்லை. தமிழ்நாட்டு மின்தொகுப்பில் கலந்துவிடுகிறது. கட்டணம் ராமநாதபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஒன்றே.

ஆனால் நான் சொல்ல வருவது அதற்கு முந்தின படி. கமுதியின் 648 மெகாவாட்டுக்கு 2015இல் மின்வாரியம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா, 25 ஆண்டுகளுக்கு. அது ஏலத்தில் வந்த விலை அல்ல, ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்த விலை. இரண்டே ஆண்டில், 2017இல், அதே தமிழ்நாடு சோலாருக்கு ஏலம் விட்டபோது விலை 3 ரூபாய் 47 பைசாவுக்கு இறங்கியது. பேனல் விலை சரிந்ததும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான். வீட்டு வாசலில் நான்கு விற்பனையாளர்கள் வந்து நிற்பதைவிட, வாரியம் கரண்ட் வாங்குகிற இடத்தில் நான்கு பேர் மோதினால் உங்கள் பில்லுக்கு அதிகம் பலன். மீனைப் போலத்தான். ஏலக்கூடத்தில் விலை ஏறிவிட்டால், சந்தையில் எத்தனை கடை இருந்து என்ன?

ஐஸ் கம்பெனி நடத்துகிறேன். வெளியில் கரண்ட் வாங்கலாம், பாதிச் செலவு மிச்சம் என்று ஏஜென்ட் வருகிறார். நம்பலாமா? (மண்டபம் வாசகர்)

வாங்கலாம் என்பது உண்மை. பொதுவாக 1 மெகாவாட்டுக்கு மேல் தேவை உள்ளவர்களுக்குத்தான் அந்த வழி. சூரிய ஒளி, காற்றாலை மின்சாரமாக இருந்தால் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி 100 கிலோவாட்டே போதும். பாதி மிச்சம் என்பதைத்தான் தாளில் எழுதிக் கேட்க வேண்டும். கம்பிக்கான கட்டணம், வழியில் இழக்கும் யூனிட், மும்பைக் கதையில் சொன்ன அந்தக் கூடுதல் கட்டணம் (குறுக்கு மானியக் கட்டணம் என்பார்கள்) எல்லாம் சேர்த்தபின் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.

ஏஜென்ட் பெரும்பாலும் 'குரூப் கேப்டிவ்' திட்டத்தைக் காட்டுவார். நீங்கள் சிலர் சேர்ந்து, மின்சாரம் தயாரிக்கிற ஆலையில் 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது நீங்களே செலவழிக்க வேண்டும். அப்படி இருந்தால் குறுக்கு மானியக் கட்டணம் இல்லை. இங்கேதான் கடற்கரைக்காரர் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, ஐஸ் பார் விற்காது. ஆனால் அந்தக் கொளுத்தும் வெயிலில் சோலார் ஆலை நன்றாக ஓடும். 51 சதவீதம் தவறினால் அந்த ஆண்டு முழுவதற்கும் கூடுதல் கட்டணம் தலையில் விழும். உயர் அழுத்த இணைப்பு என்றால், தடைக்காலத்திலும் ஒப்பந்தத் தேவையில் (வாரியத்திடம் எழுதிக்கொடுத்த உச்ச மின்தேவை) 90 சதவீதத்துக்கு டிமாண்ட் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். கடந்த மூன்று வருட பில்லை மாதவாரியாக எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஏஜென்ட்டை உட்காரச் சொல்லுங்கள்.

வாடகை வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 12 ரூபாய் வாங்குகிறார். (ராமேஸ்வரம் வாசகி)

இந்தக் கரையில் நடக்கும் ஒரே சில்லறைப் போட்டி இதுதான் போலிருக்கிறது! உரிமம் இல்லாமல் மின்சாரம் விற்கச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தராது. 43ஆம் பிரிவு உரிமையாளருக்கு மட்டுமல்ல, குடியிருப்பவருக்கும் இணைப்பு கேட்கும் உரிமையைத் தருகிறது. வாடகை ஒப்பந்தத்தோடு பிரிவு அலுவலகத்தில் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒருமுறை பேசிப் பார்ப்பது நல்லது. அடுத்த மாதமும் அதே வீட்டில்தான் இருக்கப்போகிறீர்கள்.

வீட்டு இணைப்பில் ஃப்ரீசர் போட்டு இறால் வியாபாரம் செய்யலாமா? (தேவிபட்டினம் வாசகர்)

கூடாது. வீட்டு இணைப்பைத் தொழிலுக்குப் பயன்படுத்தியதாகச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் இரட்டைக் கட்டணம் போடுவார்கள்.

500 யூனிட்டைத் தாண்டினால் பில் ஏன் குதிக்கிறது? இதை யாரிடம் முறையிடுவது? (ஏர்வாடி வாசகர்)

2022 செப்டம்பர் கட்டண ஆணைப்படி கணக்குப் போடுகிறேன். அதற்குப் பிறகு ரேட் ஏறியிருக்கிறது, ஆனால் அடுக்கு அதேதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 யூனிட் என்றால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 2 ரூபாய் 25 பைசா என்ற சலுகை விலை போய், 4 ரூபாய் 50 பைசா ஆகிவிடுகிறது. அதுவே 225 ரூபாய்.

பில்லில் தப்பு என்றால் மின்வட்டத்தில் உள்ள நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கு எழுதுங்கள். அங்கே திருப்தி இல்லை என்றால் சென்னையில் மின்குறை தீர்ப்பாளர் இருக்கிறார். ஆனால் அடுக்கையே மாற்றச் சொல்ல இவர்களால் முடியாது. அதை முடிவு செய்வது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். உயர்வுக்கு மனு வந்ததும் ஆணையம் கருத்துக் கேட்கும், பொது விசாரணையும் நடத்தும். 2022இல் மதுரையிலும் நடத்தினார்கள். ஏர்வாடியிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். போகும்போது 500க்குள் வந்த பில், தாண்டிய பில் இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள்.