பிரசவத்தோடு போய்விட்டதா ரத்த அழுத்தம்?

கேள்வி: எனக்கு 39 வயது. பதினோரு ஆண்டுகளுக்கு முன், முதல் பிரசவத்தில் எட்டாம் மாதம் ரத்த அழுத்தம் 160/110 வரை ஏறி, சிறுநீரில் புரதமும் வெளியேறியதால், 34ஆவது வாரத்திலேயே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒரு மாதத்தில் அழுத்தம் சரியாகிவிட்டது. பிறகு மாத்திரை சாப்பிடவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு வரும் என்கிறார்களே, உண்மையா? என் தங்கைக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. அவளும் பயப்பட வேண்டுமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: உங்களுக்கு வந்தது ப்ரீஎக்லாம்ப்சியா. பிரசவத்துக்குப் பின் அழுத்தம் இறங்கிவிடுவதால் வீட்டாரும், சொல்லப்போனால் மருத்துவர்களில் பலரும், அதை அத்துடன் மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்றும், நிரந்தர உயர் ரத்த அழுத்தத்துக்கான வாய்ப்பு மூன்று, நான்கு மடங்கு என்றும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்களைப் போல 37 வாரங்களுக்கு முன்பே பிரசவம் பார்க்க நேர்ந்தவர்களுக்கு அபாயம் இன்னும் சற்றுக் கூடுதல். ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஏற்கெனவே இருந்த பலவீனத்தைக் கர்ப்பம் வெளிக்காட்டுகிறதா, அல்லது அந்நோயே குழாய்களைப் பாதித்துச் செல்கிறதா என்று கேட்டால், இரண்டுக்கும் பங்கு உண்டு என்றே கருதப்படுகிறது.

இரு மடங்கு என்றதும் கலங்க வேண்டாம். உங்கள் வயதில் மாரடைப்பு வாய்ப்பே மிகக் குறைவு என்பதால், அது இரட்டித்தாலும் சிறியதுதான். வயது ஏறும்போதுதான், அதுவும் அழுத்தத்தையும் கொழுப்பையும் கவனிக்காமல் விட்டால்தான், அது பெரிதாகிறது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். மேலும், அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததா என்று கேட்கும் மருத்துவர்கள் உங்கள் பிரசவம் எப்படி இருந்தது என்று கேட்பது அரிது. அமெரிக்க இதயச் சங்கம் 2011இலேயே ப்ரீஎக்லாம்ப்சியாவை இதய நோய்க்கான அபாயக் காரணிகளில் சேர்த்துவிட்டது என்றாலும் நடைமுறை மாறவில்லை. எனவே கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பிரசவத்தின்போது தந்த டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தால் காட்டுங்கள்.

தங்கைக்கும் இது பொருந்தும். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு ஏழு முதல் பத்து மடங்கு வரை அதிகம்; நீரிழிவு வராதவர்களிடமும் இதய நோய் வாய்ப்பு ஓரளவு கூடவே இருக்கிறது. பிரசவமான ஆறாவது வாரத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனையைப் பச்சைக் குழந்தையோடு அலைய முடியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். அவரும் விட்டிருந்தால் இப்போதாவது செய்துகொண்டு, பின்னர் ஆண்டுதோறும் சர்க்கரையைப் பார்த்துவரட்டும்.

நீங்கள் மீண்டும் கருத்தரிக்க எண்ணினால், முன்கூட்டியே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ப்ரீஎக்லாம்ப்சியா திரும்ப வராமல் தடுக்க, 12ஆவது வாரம் முதல் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது பற்றி அவர் முடிவு செய்வார்.