மூன்றாம் தடவைக்குப் பிறகு

கேள்வி: எனக்கு 33 வயது. வெள்ளவத்தையில் அம்மா, அப்பாவுடன் இருக்கிறேன். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று தடவை எழுதினேன். மூன்றாம் தடவை, மருத்துவ பீடத்துக்கான கொழும்பு வெட்டுப்புள்ளிக்கு 0.03 குறைந்தது. இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் வேலை. இடையில் இரண்டு படிப்புகளைத் தொடங்கி, முதல் சோதனையோடு விட்டுவிட்டேன். எதைத் தொடங்கினாலும் ‘நீ அதிலேயே தோற்றவள்’ என்று மனம் சொல்கிறது. அம்மாவும் யாரைக் கண்டாலும் அந்தக் கதையை எடுக்கிறா. டியூட்டும் (தனியார் வகுப்பில் தந்த அச்சுக் குறிப்புகள்) கொப்பிகளும் இன்னும் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. பழசை மற என்கிறார்கள். எப்படி மறப்பது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

மறக்க முயலவே வேண்டாம். உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஒரு சோதனையில், சிலரிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார். நினைவு வந்தால் மணியை அடிக்க வேண்டும். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. தடையை நீக்கியதும், முதலிலேயே கரடியை நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்கள் அதை அதிகம் நினைத்தார்கள். நினைக்கவில்லையா என்று சரிபார்க்கவே மனம் அந்த விஷயத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. “பழசை மற” என்று சொல்பவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள், ஆனால் அது உங்களிடம் செய்ய முடியாத வேலையைக் கேட்பது.

நினைவு இருந்துவிட்டுப் போகட்டும். அதோடு சேர்ந்து வரும் தீர்ப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், கணக்கு உங்களுக்குப் பழக்கமானதுதானே. வெட்டுப்புள்ளி இசட் புள்ளியில்தான் சொல்லப்படுகிறது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து எல்லோருடைய சராசரிப் புள்ளியையும் கழித்து, நியம விலகலால் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்திருக்கின்றன என்ற அளவு) வகுத்தால் அந்தப் பாடத்தின் இசட் புள்ளி. மூன்று பாடங்களின் சராசரிதான் உங்கள் பெறுபேற்றில் இருப்பது. சராசரியில் 0.03 என்றால் மூன்றிலும் கூட்டி 0.09. நியம விலகலை 15 என்று வைத்துக்கொண்டால், ஒரு பாடத்தில் சுமார் 1.35 புள்ளி. இதற்கு மேல் மாவட்ட முறை: இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆக, அந்த வெட்டுப்புள்ளி அந்த ஆண்டில் எத்தனை இடம் இருந்தது என்பதைத்தான் சொன்னது. ‘இன்னும் ஒரு வினா சரியாகச் செய்திருந்தால்’ என்று இந்தக் கணக்கையே திருப்பித் திருப்பிப் போடவும் மனம் முயலும். ஒரு தடவை போதும்.

அடுத்து எழுத்து. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் சோதித்த முறை எளிமையானது: தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், நடந்ததையும் அதனால் உள்ளே என்ன ஆனது என்பதையும் நிறுத்தாமல் எழுதுவது. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். நித்திரைக்குப் போகும் நேரத்தில் மட்டும் எழுதாதீர்கள். எழுதி முடித்த உடனே மனம் இன்னும் கனக்கும், அது வழமை. தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். பலர் தவறுவது ஐந்தாம் நாளில்: அதே வசனங்களை மாதக்கணக்கில் எழுதிக்கொண்டே போனால் அது புண்ணைக் கிளறுவதுதான். கடைசி நாளில் ‘ஏன் எனக்கு?’ என்ற கேள்வியை விட்டு, ‘அந்தப் படிப்பில் நான் விரும்பியது எது?’ என்று எழுதுங்கள். நோயாளிகளோடு இருப்பதா, உயிரியல் என்ற பாடமா, சமூகத்தில் கிடைக்கும் மதிப்பா? இந்தப் பிரிப்புத்தான் எல்லாவற்றிலும் முக்கியம், அவசரப்படாமல் செய்யுங்கள். முதல் இரண்டுக்கும் இன்றைக்கும் வழி இருக்கிறது. மூன்றாவது மற்றவர்கள் கையில் இருப்பது. அதற்காக இன்னொரு பத்து வருடம் கொடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் மனம் சோர்ந்து, நித்திரையும் சாப்பாடும் குழம்பினால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்று ஒரு தடவையாவது தோன்றினால், எழுத்தை நம்பியிருக்காமல் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழையுங்கள். மனம் விட்டுப் பேச சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பும் கொழும்பில் இருக்கிறது.

கட்டிலுக்குக் கீழே கிடப்பதை எரிக்கச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை, பெறுபேற்றுப் பத்திரமும் சேர்ந்து போய்விடும், அது உங்களுக்கு இனித் தேவை. அதை மற்றச் சான்றிதழ்களோடு கோப்பில் வையுங்கள். 2019 முதல் புதிய பாடத்திட்டத்தில் பரீட்சை நடப்பதால் பழைய டியூட் இன்றைய பிள்ளைகளுக்கு அவ்வளவாக உதவாது, பழைய பேப்பர் எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். கையெழுத்து அழகாக இருந்த ஒரு கொப்பியை வைத்துக்கொள்ள ஆசையா? வையுங்கள்.

அம்மாவிடம் ஆட்களுக்கு முன்னால் கோபப்பட வேண்டாம். அவவுக்கும் அது ஆறாத ஏமாற்றம்தான். தனியாக இருக்கும்போது ஒரே வசனம்: “அம்மா, ஆரும் கேட்டால் இப்ப நான் என்ன செய்யிறன் எண்டு சொல்லுங்கோ, மற்றதை விடுங்கோ.” பழக்கம் மாற நாளெடுக்கும், அதே வசனத்தை அதே குரலில் திரும்பச் சொல்லுங்கள்.

நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகம் அனுமதிக்கு இசட் புள்ளி கேட்பதில்லை. விஞ்ஞானப் பட்டப்படிப்பின் தகைமைகளையும் கட்டணத்தையும் நேரே விசாரியுங்கள், உயிரியல்தான் நீங்கள் விரும்பியது என்றால் அது நல்ல வாசல். பணம் கட்டுவதற்கு முன் நான்கு சனிக்கிழமை, இரண்டு இரண்டு மணித்தியாலம், கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ பொது நூலகத்திலோ உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படித்துப் பாருங்கள். நான்கில் மூன்றுக்காவது மனம் விரும்பிப் போனால் விண்ணப்பியுங்கள்.

நீங்கள் இரண்டு படிப்பையும் விட்டது முதல் சோதனையில். அங்கே பழைய தீர்ப்பு மறுபடி வரும், ஆகவே என்ன செய்வதென்று இப்போதே எழுதி வையுங்கள்: முதல் மதிப்பீட்டில் என்ன புள்ளி வந்தாலும் இரண்டாவதைச் செய்வேன். பெறுபேறு வந்த அன்று எந்த முடிவும் எடுக்கமாட்டேன். எந்தப் பகுதியில் புள்ளி போனது என்று பார்த்து, அடுத்த சனிக்கிழமை அந்தப் பகுதியை முதலில் படிப்பேன்.