பினாங்கும் காரைக்குடியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்தத் தைப்பூசத்துக்குப் பினாங்கு போய் வெள்ளி ரதம் பார்த்தோம். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடுகள் பலவும் தங்கும் விடுதியாகவும் காப்பிக்கடையாகவும் மாறி, கூட்டம் அலைமோதுகிறது. செட்டிநாடும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிவிட்டால், பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளும் பிழைத்துக்கொள்ளும் அல்லவா?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

ஏற வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. 2014-லிருந்து தற்காலிகப் பட்டியலில் இருக்கிறோம். ஆனால் பினாங்கைத் தூக்கி நிறுத்தியது சுற்றுலா மட்டும் என்று நினைக்காதீர்கள்.

சுங்கவரி இல்லாத துறைமுகமாக வளர்ந்த ஊர் அது. நம் நகரத்தார் அங்கே கிட்டங்கி (கடையும் தங்குமிடமுமான கட்டடம்) போட்டு லேவாதேவி செய்ததும் அந்த வியாபாரத்தை நம்பித்தான். 1969-இல் அந்தச் சலுகை பறிபோனது. வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டியது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது, இன்டெல் வந்தது. யுனெஸ்கோ அங்கீகாரம் 2008-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே மாதச் சம்பளம் புழங்கியது. இன்னொன்று: 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், தலைமுறையாகக் கடைவீடுகளில் இருந்த பல குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. நீங்கள் பார்த்த விடுதிகளுக்குப் பின்னால் அந்த வருத்தமும் உண்டு.

நம் பக்கம் கதை வேறு. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பலர்; ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றக்கூட எல்லாரும் சம்மதிக்க வேண்டும். அது நடக்காமல் மழைநீர் இறங்கி, கடைசியில் பர்மா தேக்குத் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைக்கு வந்துசேர்கின்றன. பார்க்கவே வயிறு எரிகிறது. இரண்டு ராத்திரி தங்கிப் போகும் பயணியால் இத்தனை வீடுகளைக் காக்க முடியாது. வருடம் முழுக்க ஊரில் ஆள் இருக்க வேண்டும், அதற்கு வேலை வேண்டும்.

அழகப்பச் செட்டியார் இதைச் செய்து காட்டினார். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1953-இல் திறந்த அது, இன்றும் வெளியூர்க்காரர்களை இங்கே குடியேற வைக்கிறது.

அடுத்த முறை முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்குப் பங்காளிகள் கூடும்போது ஒன்று பேசிப் பாருங்கள். முகப்பிலும் வளவிலும் (நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்) கைவைக்காமல், பின்கட்டை மட்டும் ஓர் அலுவலகத்துக்கோ பயிற்சிக்கூடத்துக்கோ வாடகைக்கு விடலாம். வரும் பணம் முதலில் மராமத்துக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். யுனெஸ்கோ வரும்வரை கூரை காத்திருக்காது.