அண்ணாச்சி பதில்கள்: மேலேயா, கீழேயா?

(சென்னை மெட்ரோ சுரங்கப் பணியில் கட்டட அசைவைக் கண்காணிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் நம் அண்ணாச்சி. இப்போது பாளையங்கோட்டைவாசி. இந்த இதழில் அவரிடம் ரயில் கேள்விகள்.)

கோவை, மதுரைக்கு மெட்ரோ கேட்கிறார்கள். டவுனில் ஏறி, ஜங்ஷன், வண்ணார்பேட்டை வழியாகப் பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற மாதிரி நமக்கும் ஒன்று வந்தால் என்ன அண்ணாச்சி?
– வாசகர், திருநெல்வேலி டவுன்

வரட்டும், தூணை எங்கே ஊன்றுவீர்கள்? ரத வீதியில் ஊன்றினால் ஆனித் தேர் ஓடாது. நெல்லையப்பர் தேரை மறிக்கிற பாலத்துக்கு நம்மூரில் யார் சம்மதிப்பார்கள்? 2017 மெட்ரோ கொள்கை 20 லட்சம் மக்கள்தொகை கேட்கிறது. அதைச் சொல்லித்தான் 2025 நவம்பரில் கோவை, மதுரை திட்டங்களையே மத்திய அரசு திருப்பி அனுப்பியது. 2011 கணக்கெடுப்பில் நம் மாநகராட்சி 5 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

என்னைக் கேட்டால், இருக்கிற தண்டவாளத்தில் ரயிலைக் கூட்டினாலே போதும். தென்காசிப் பாதையில் டவுன், பேட்டை நிலையங்கள் இருக்கின்றன. திருச்செந்தூர்ப் பாதையில் பாளையங்கோட்டை நிலையம் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் சேரன்மகாதேவிக்கு ஒன்று, செய்துங்கநல்லூருக்கு ஒன்று என்று சின்ன ரயில்களை அடிக்கடி விட்டுப் பார்க்கட்டும். ஒற்றைப் பாதை என்பதால் கிராசிங்குக்கு வசதி செய்ய வேண்டியிருக்கும். மெட்ரோ செலவோடு பார்த்தால் அது கொசுறு.

மேலே தூண் போட்டுக் கொண்டுபோவதா, சுரங்கம் தோண்டுவதா என்று எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?
– பொறியியல் மாணவி, பாளையங்கோட்டை

முதலில் பணம், தாயி. மேலே போவதைவிடச் சுரங்கத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். சாலை அகலமும் வளைவும் இடம் கொடுத்தால் மேலே, வழியே இல்லையென்றால் கீழே. சென்னை முதல் கட்டத்தில் 45 கிலோமீட்டரில் 24 கிலோமீட்டர் கீழேதான் போனது.

தூண் என்னவோ மீடியனில் அடங்கிவிடும். ஆனால் பைல், அதாவது தூணுக்கு அடியில் ஆழமாக இறங்கும் அஸ்திவாரம், போடும் இயந்திரமும் கிரேனும் நிற்க இரண்டு பக்கமும் தகரம் அடைத்தால் சாலையில் பாதி போய்விடும். தூண் எழுந்த பிறகு அவ்வளவு தொந்தரவு இல்லை. யார்டில் வார்த்த செக்மென்ட் என்கிற கான்கிரீட் பாலத் துண்டுகளை, லாஞ்சிங் கர்டர் என்கிற தூக்கு இயந்திரம் ராத்திரியில் தூக்கிக் கோக்கும். விடிந்தால் கீழே பஸ் ஓடும்.

சுரங்கம் என்றால் எல்லோரும் டிபிஎம் என்கிற சுரங்கம் தோண்டும் இயந்திரத்தைத்தான் பேசுவார்கள். மாதவரத்தில் 2022 அக்டோபரில் இறக்கியதற்கு ‘நீலகிரி’ என்று பெயர்கூட வைத்தார்கள். முன்னால் மண்ணை வெட்டும், பின்னால் கான்கிரீட் வளையத்தை மாட்டும், அந்த வளையத்தையே உதைத்து முன்னே நகரும். மேலே டீக்கடையில் வியாபாரம் பாட்டுக்கு நடக்கும்.

ஊரைப் படுத்துவது ஸ்டேஷன்தான். நீளவாக்கில் சாலையை மறிக்க வேண்டும். குடிநீர்க் குழாய், சாக்கடை, ஈ.பி. கேபிள் எல்லாவற்றையும் முதலில் நகர்த்த வேண்டும். வரைபடத்தில் ஒரு குழாய் இருக்கும், தோண்டினால் மூன்று இருக்கும். அதனால் பெரிய இயந்திரம் வருமுன் ஆள் வைத்துச் சோதனைக் குழி வெட்டுவார்கள். அப்புறம், பக்கம் சரியாமல் இருக்க பென்டோனைட் என்கிற களிமண் குழம்பு நிரப்பிய ஆழமான பள்ளத்தில் கம்பிக் கூண்டை இறக்கி, கான்கிரீட் ஊற்றிச் சுற்றிலும் மண்ணைத் தடுக்கும் டயாஃப்ரம் சுவர் எழுப்புவார்கள். நெருக்கடியான இடத்தில் கூரையை முதலில் போட்டு, மேலே சாலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடியில் தளம் தளமாகக் கீழ்நோக்கித் தோண்டுவதும் உண்டு. ஒரு மெட்ரோ ஏன் தாமதம் என்று தெரிய வேண்டுமானால் முதலில் அதன் ஸ்டேஷன்களைப் பார்.

சென்னையில் என் மகள் வீட்டுக்கு அடியில் சுரங்கம் போகிறதாம். வீடு தாங்குமா?
– வாசகர், மேலப்பாளையம்

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆகவே ஆகாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். 2019 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தா பௌபஜாரில் இயந்திரம் நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டது. தண்ணீரும் மண்ணும் சுரங்கத்துக்குள் பாய்ந்து, மேலே பழைய வீடுகள் இடிந்தன. 2017 ஏப்ரலில் அண்ணா சாலை உள்வாங்கி ஒரு பஸ்ஸும் காரும் குழிக்குள் இறங்கின. முன்னால் மண்ணும் நீரும் எவ்வளவு தள்ளுகிறதோ, அவ்வளவு இயந்திரமும் எதிர்த்துத் தள்ள வேண்டும். அது குறைந்தால் தேவைக்கு மேல் மண் உள்ளே வந்துவிடும். பாதி பாறை, பாதி மணல் என்று வருகிற இடம்தான் மகா மோசம், சென்னையில் அது உண்டு.

என் வேலை, சுவரில் பிரிசம் என்கிற கண்ணாடிக் குறியை ஒட்டி, கட்டடம் எவ்வளவு இறங்குகிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் படிப்பது. இயந்திரம் வருமுன்பே வீட்டில் ஏற்கெனவே உள்ள விரிசல்களைப் படம் எடுத்துக் குறிப்போம். ஒரு வீட்டுப் பாட்டியம்மா அலமாரியை நகர்த்தச் சொல்லி, பின்னால் ஒளிந்திருந்த விரிசலையும் எழுதச் சொன்னார். “பூசுறேன் பூசுறேன்னு எங்க வீட்டுக்காரர் ஏமாத்தினது, சர்க்காருக்காவது தெரியட்டும்” என்றார்.

உங்கள் மகள் அந்த விரிசல் கணக்கெடுப்பின் நகலைக் கேட்டு வாங்கட்டும். தேதியோடு தானும் போட்டோ எடுத்து வைக்கட்டும்.

வெள்ளம் வந்தால் சுரங்க ரயில் கதி?
– வாசகர், ஸ்ரீவைகுண்டம்

வாசலை உயர்த்திக் கட்டி, நாலு படி ஏறவிட்டுத்தான் கீழே இறக்குவார்கள். கசிகிற தண்ணீரைப் பம்ப் இறைக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மாட்டிக்கொண்டது பரங்கிமலை மெட்ரோ நிலையம். அது உயரத்தில் இருக்கிற நிலையம், ஆனால் வாசலில் தண்ணீர் தேங்கி ஜனங்கள் ஏற முடியவில்லை. அதே மாதம் செந்தூர் எக்ஸ்பிரஸ் உங்கள் ஊரில் நின்றதையும், அடிமண் அரித்துத் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியதையும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

நம் ஈரடுக்கு மேம்பாலம் மாதிரி மெட்ரோவில் உண்டா?
– வாசகர், ஜங்ஷன்

உண்டு. நாக்பூர் வார்தா சாலையில் 3.14 கிலோமீட்டருக்கு ஒரே தூண் வரிசையில் நடுவே மேம்பாலம், அதற்கு மேலே மெட்ரோ. சென்னையில் ஆலப்பாக்கம் பக்கம் இரண்டு மெட்ரோ பாதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. நம் திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலம் 1973-லேயே வந்தது. பெருமை பேசலாம், தப்பில்லை.

டிரைவர் இல்லாத மெட்ரோவில் ஏறுவீர்களா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

டெல்லியில் 2020 டிசம்பரிலிருந்தே ஓடுகிறதே! ஏறுவேன். டிரைவர் அறை இல்லாத ரயிலில் முன்கண்ணாடி வழியாகச் சுரங்கத்தைப் பார்க்கலாம். அந்த இடத்தைச் சின்னப் பிள்ளைகள் விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.