ஜப்பான் பற்றனில் சட்டை: துணியில் கத்தரி வைக்குமுன் கேட்டவை

ஜப்பான் தையல் புத்தகங்களோடு வருகிற பற்றனை, அதாவது வெட்டு மாதிரித் தாளை, வைத்து லேசான சட்டை தைக்க ஆசைப்பட்டு, திருகோணமலைப் பக்கத்தில் பலரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உப்புவெளியிலிருந்து: அக்கா, பற்றன் தாளில் கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. எதை வெட்டுவது?

எதையும் வெட்டாதீர்கள். ஒரே தாளில் பல சட்டைகளை அடித்திருப்பார்கள். உங்கள் சைஸ் கோட்டின் மூலைகளில் கலர்ப் பென்சிலால் புள்ளி வைத்து, மேலே ஊடு தெரிகிற ரிசுப் பேப்பர் போட்டுப் படியெடுங்கள். அம்புக்குறியையும் விடாதீர்கள், துணியின் நீள நூல் போக வேண்டிய திசை அதுதான். எழுத்து புரியவில்லை என்று முழிக்க வேண்டாம், கழுத்து ஆழமாக இறங்கியது முன்பக்கம்.

நிலாவெளியிலிருந்து: எம் சைஸ்தான் வெட்டினேன், தைத்தபின் உடம்பில் ஏறவே இல்லை. ஏன்?

அனேகமாகத் தையலுக்கு விடவில்லை. இந்தப் புத்தகங்கள் பலவற்றில் கோடு தையல் விழும் இடம், வெட்டும் இடம் அல்ல. துணியில் அடுக்கும் படத்தைப் பாருங்கள், ஓரங்களில் 1, 3 என்று இலக்கம் இருக்கும், அத்தனை சென்ரிமீற்றர் வெளியே தள்ளி வெட்ட வேண்டும். கோட்டிலேயே வெட்டி 1 செ.மீ. உள்ளே தைத்தால், பக்கத் தையல் இரண்டிலும் நாலு ஓரம், சுற்றளவில் 4 செ.மீ. போய்விடும்! அதோடு அவர்களின் எம் சைஸான 9ஆம் நம்பருக்கு மார்பு பெரும்பாலும் 83 செ.மீ. பக்கம், 33 அங்குலம்கூட வராது. ஆகவே எழுத்தையும் இலக்கத்தையும் நம்பாமல், உங்களுக்கு அளவான பழைய சட்டை ஒன்றை விரித்து, அக்குளுக்கு நேரே அளந்து, படியெடுத்த தாளோடு ஒப்பிடுங்கள். நான் சொல்கிறதில் இது ஒன்றைச் செய்தாலே பாதித் துணி தப்பும்.

மூதூரிலிருந்து: மார்பு 42 அங்குலம், புத்தகத்தின் பெரிய சைஸான எல்எல்லும் காணாது. பக்கத்தில் கூட்டலாமா?

கொஞ்சம் என்றால் கூட்டலாம், ஆனால் கையின் அடிப்பக்கத்திலும் அதே அளவு கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கை பொருந்தாது. அதிகம் வேண்டுமென்றால் பக்கத்தைத் தொடாதீர்கள், அக்குளில் துணி மூட்டையாக நிற்கும். தாளின் நடு ஓரத்தைத் துணி மடிப்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி வையுங்கள், விரித்தால் முன்பக்கம் 6 செ.மீ. கூடும். கழுத்தில் மிஞ்சுவதைச் சுருக்கி, குறுக்கு வாட்டில், அதாவது மூலைச் சாய்வாக, வெட்டிய பட்டியால் கட்டிவிடுங்கள். சுருக்குக் கழுத்து இந்த மாதிரிச் சட்டைக்கு வடிவாகத்தான் இருக்கும், வேண்டுமென்றே வைத்தது என்றுதான் நினைப்பார்கள்.

கிண்ணியாவிலிருந்து: கணுக்கால் வரை நீளமும் முழுக்கையும் வேண்டும். துணிக் கணக்கு எப்படி?

பக்கக் கோட்டை அதே சாய்வில் கீழே நீட்டுங்கள், நேராக இறக்கினால் நடக்கும்போது இழுக்கும். கணக்கு பெரும்பாலும் 110 செ.மீ. அகலத் துணிக்குப் போட்டிருப்பார்கள், நம் 45 அங்குலத் துணி ஏறக்குறைய அதேதான். 36 அங்குலம் வாங்கினால் கைக்குத் தனியாக நீளம் கூட்டி எடுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: மகளின் பற்றனில் 110 என்று இருக்கிறது. எந்த அளவு?

உயரம், செ.மீ. கணக்கில். வயதைப் பார்க்காமல் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி அளவுங்கள்.

நகரத்திலிருந்து: கச்சான் காற்றுக் காலத்துக்கு எந்தத் துணி?

சீத்தை, அதாவது பூப்போட்ட பருத்தித் துணி, இல்லையென்றால் மெல்லிய கொட்டன். பொலியெஸ்ரர் வேண்டாம், வியர்வையில் முதுகோடு ஒட்டும். வாங்கியதும் ஒரு இரவு ஊறப்போட்டுக் காயவிட்டு, அயர்ன் பண்ணியபின் வெட்டுங்கள். சுருங்குவதெல்லாம் முதலே சுருங்கட்டும். கச்சானில் ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும், கிளிப் மட்டும் நல்லதாய்ப் போடுங்கள்.