பத்து நாள் முடியும் வரை நாயை யாரிடமும் கொடுக்காதீர்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகில் ஒரு பேரூராட்சியில், விளையின் (தோப்பு நிலத்தின்) நடுவே எங்கள் வீடு இருக்கிறது. மூன்று வயது ஆண் நாய் வளர்க்கிறோம். தாய் ராஜபாளையம், தந்தை ராட்வைலர் என்று சொல்லித் தந்தார்கள்; எடை 42 கிலோ. வீட்டாரிடம் குழந்தைபோல் இருக்கும். ஆனால் சென்ற மாதம் மீன் கொண்டுவரும் அம்மாவின் சேலையைக் கிழித்துவிட்டது. நான்கு நாட்களுக்கு முன்பு, விடியுமுன் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவரின் கெண்டைக்காலில் பல் பதித்து ரத்தம் வந்தது. கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒன்றரை ஆண்டு ஆகிறது. வார்டு உறுப்பினரிடம் சொல்லி நாயைப் பிடித்துப் போகவைப்போம் என்கிறார்கள் பக்கத்து வீட்டார். நாயை விற்ற தரகரோ, இது தடைசெய்யப்பட்ட இனம், 8,000 ரூபாய் தந்தால் சிறப்பு உரிமம் வாங்கலாம், இல்லையென்றால் நாளைக்கே ஒரு பண்ணைக்குக் கொண்டுபோகிறேன் என்கிறார். நாயை இழக்க நேருமா?

பதில் தருபவர்: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்

உங்கள் கடிதத்தில் நாயைப் பற்றிய கவலை முழுவதும் இருக்கிறது. கடிபட்டவர் மருத்துவமனைக்குப் போனாரா என்பது மட்டும் இல்லை. ரத்தம் வரும் அளவுக்குப் பல் பதிந்திருந்தால் அது மூன்றாம் வகை, அதாவது வெறிநோய் ஆபத்து மிகுந்த காயம். காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவியிருக்க வேண்டும். தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புரத மருந்தும் செலுத்தப்பட வேண்டும். இதுவரை போகவில்லை என்றால், இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அவரை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ நீங்களே அழைத்துப் போங்கள். ஊசிக்குப் பணம் வாங்கமாட்டார்கள். ஆனால் முதல் ஊசி போடும் நாளிலும், அதிலிருந்து மூன்று, ஏழு, இருபத்தெட்டு நாட்கள் கழித்தும் அவர் வேலையை விட்டுவிட்டு வரவேண்டும் என்பதால், அந்த நாட்களின் கூலியை நீங்கள் கொடுப்பதே முறை. நாய்க்கு ஊசி போட்டிருக்கிறது என்று சொல்லி ஆளுக்குப் போடாமல் விடுவது நம் பக்கத்தில் பரவலாக உள்ள பழக்கம். உங்கள் நாய்க்கு ஊசி போட்டே ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டதால் உங்களுக்கு அதைச் சொல்லவும் வழியில்லை.

இனி நாய்க்கு வருவோம். கடித்த நாயைப் பத்து நாட்கள் கட்டுக்குள் வைத்துக் கவனிக்க வேண்டும். வெறிநோய்க் கிருமி நாயின் உமிழ்நீரில் வெளிப்படும் நிலையை எட்டிவிட்டால் அந்த நாய் சில நாட்களிலேயே நோய்க்குறி காட்டி இறந்துவிடும். பத்து நாள் கடந்தும் நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இருக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆகவே உங்கள் நாய் உயிரோடு, கண்ணெதிரில் இருப்பது அந்தத் தொழிலாளிக்கே பாதுகாப்பு. தரகர் சொல்வதைப்போல நாளைக்கே அதை வண்டியேற்றினால் அந்தச் சான்றை நீங்களே அழித்தவராவீர்கள். இந்தப் பத்து நாட்களுக்குள் நாய்க்குத் தடுப்பூசியும் போடவேண்டாம். ஊசியினால் வரும் சோர்வை நோய் என்று தவறாக எண்ண நேரும். நாட்கள் முடிந்ததும் அரசு கால்நடை மருந்தகத்தில் போட்டு, நாயின் அடையாளத்தோடும் மருத்துவரின் கையொப்பத்தோடும் கையேட்டில் பதிந்து வாங்குங்கள். இடையில் நாய் இறந்துபோனால் புதைத்துவிடாமல் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

தடை என்ற பூச்சாண்டிக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் ஒன்றிய அரசின் கால்நடைத் துறை, ராட்வைலர் உள்ளிட்ட 23 இனங்களையும் அவற்றின் கலப்பினங்களையும் வளர்க்க உரிமம் தரக்கூடாது என்று மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. நாய் வளர்ப்போர் உள்ளிட்ட தொடர்புடையோரின் கருத்தைக் கேட்காமல் போட்டது என்று சொல்லி, அடுத்த மாதமே தில்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சுற்றறிக்கை போன வேகத்தில் ரத்தான செய்தி ஊருக்குள் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். நாய் இனங்கள்மீது சென்னையில் போடப்படும் கட்டுப்பாடு சென்னை மாநகராட்சி எல்லைக்கு உரியது. அதைக் காட்டித் தக்கலையில் ஒருவர் உங்களை மிரட்டமுடியாது.

சிறப்பு உரிமம் என்று ஒன்று கிடையாது. வளர்ப்பு நாய்க்கு உள்ளாட்சி அமைப்பு உரிமம் வழங்குமானால் அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி நீங்களே ரசீது பெறலாம். நடுவில் ஆள் எதற்கு? உங்கள் பேரூராட்சிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்கி வையுங்கள். பணியில் இருந்த காலத்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் நாய்ப் பதிவேட்டைக் கேட்டபோது, ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்ட, அந்த மேசை விடுப்பில் இருந்தவரைக் காட்டியது. பதிவேடு இருந்தால்தானே எத்தனை நாய்களுக்கு ஊசி போடவில்லை என்பது தெரியும் என்று நான் சொன்னதை அங்கே ஒருவரும் விரும்பவில்லை. நீங்கள் அலுத்துக்கொள்ளாமல் எழுதிக் கொடுங்கள், பின்னால் உதவும்.

அந்தப் பண்ணையைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய உடம்புள்ள ஆண் நாய் என்றால் தரகருக்கு அது சரக்கு. இனவிருத்திக்கு விடுவார், அல்லது வேறு ஊரில் இன்னொரு பெயர் சூட்டி விற்பார்; விலைபோகாதது ஏதாவது ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் இறக்கிவிடப்படும். கழுத்தில் பட்டை பதிந்து புழுத்த நிலையில் அப்படிப்பட்டவற்றைப் பலமுறை என் மேசைமீது கிடத்தியிருக்கிறார்கள். இரண்டு மாதம் பயிற்சிக்குத் தாருங்கள் என்று கேட்பவரிடமும் எச்சரிக்கையாக இருங்கள். உறுமலை அடித்து நிறுத்திவிட்டால் நாய் முன்னறிவிப்பே இல்லாமல் கடிக்கப் பழகும். தாய் ராஜபாளையம் என்பதும் அதே தரகரின் வாய்ச்சொல்தான் என்பதால், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

வார்டு உறுப்பினருக்கு வளர்ப்பு நாயைப் பிடித்துச் செல்லும் அதிகாரம் இல்லை. ஆனால் உங்கள் பகுதி பத்மநாபபுரம் சார் ஆட்சியரின் எல்லைக்குள் வருகிறது. அவர் நிர்வாக நடுவர் என்ற முறையில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவின்படி, ஆபத்தான விலங்கு ஒன்றை அடைத்துவைக்கவோ அப்புறப்படுத்தவோ, கொல்லவும்கூட நிபந்தனை ஆணை போடலாம். அந்த ஆணை வந்தால் நேரில் சென்று காரணம் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அங்கே பேசப்போவது ஊசிக் கையேடும் நீங்கள் போட்ட வேலியும்தான். அதுபோக, விலங்கினால் ஆபத்து வரலாம் என்று தெரிந்தும் கவனமின்றி இருந்தால் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. சேலை கிழிந்த அன்றே உங்களுக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் எதிர்த்தரப்பு சொல்லும்.

என் விளைக்குள் வந்தவரைத்தானே கடித்தது என்ற எண்ணம் உங்களுக்கு இருக்கலாம். அயல் மாவட்டங்களில் அது ஓரளவு எடுபடும். நம் மாவட்டத்தில், குறிப்பாகக் கல்குளம், விளவங்கோடு பக்கங்களில், நிலைமை வேறு. இங்கே ஒருவர் விளையைக் கடக்காமல் மற்றவர் விளைக்குப் போகமுடியாது. கையாலைக்கும் (மண்ணால் எழுப்பிய எல்லைச் சுவருக்கும்) தென்னை வரிசைக்கும் நடுவே தலைமுறைகளாக நடந்து தேய்ந்த வழி இருக்கும். பத்திரத்தில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் பால்வெட்டுபவர், தேங்காய் பறிப்பவர், மீன்கார அம்மா, பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அதில்தான் போவார்கள். அப்படி வழக்கமாக நடப்பவரை அத்துமீறி நுழைந்தவர் என்று சொல்லமுடியாது. இரவில் மதிலேறிக் குதித்தவன் கதை வேறு. விடியற்காலையில் தலைவிளக்குக் கட்டிக்கொண்டு வழியோடு போகும் தொழிலாளியின் கதை வேறு. முன்வாசலில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று எழுதி மாட்டுவதும் பின்வழியாக வருபவரைக் காப்பாற்றாது. எனவே உங்கள் விளையில் அப்படியொரு வழி இருக்குமானால், வேலி விளையின் எல்லையில் போதாது. வழிக்கும் நாய்க்கும் இடையே வேண்டும்.

வீட்டைச் சுற்றி ஆறடி உயரத்துக்குக் கம்பிவலை அடித்து, ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்கும்படி இரட்டை வாசல் வையுங்கள். நாளெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடாதீர்கள். கட்டிய நாயின் சீற்றம் கூடும், உலாவ விடாமல் கட்டியே வைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். காலை மாலை நீங்களே குட்டையான வாரில் பிடித்து நடத்துங்கள். வெளியே போகும்போது கூடை போன்ற வாய்ப்பூட்டு போடுங்கள், ஏனென்றால் நாய் வாய்திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது, துணிப்பூட்டு நம் ஊர்ப் புழுக்கத்தில் அதை மயங்கி விழவைத்துவிடும். கருத்தடை ஊர்சுற்றுவதைக் குறைக்கும். காவல் குணத்தை அப்படியே மாற்றிவிடும் என்று நம்பவேண்டாம்.

தரகருக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். நாயின் ஊசிக் கையேட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள், வேறொரு நாயை விற்க அந்தக் கையேடு அவருக்குத் தேவைப்படும்.